வாங்கினால்தானே வழக்கு

காலை பத்து மணிக்குக் கோர்ட்டு ஆள் வாசலில் வந்து நின்றபோது, தையல்காரம்மா தொங்கிக்கொண்டிருந்த ஏழெட்டுக் கருப்பு அங்கிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். ஐம்பத்திரண்டு வயது. நாலு பேர் மதிக்கிற தொழில்காரி. ஆனாலும் என்ன செய்வது, பயம் வந்தால் வயது பார்த்தா வருகிறது? அங்கிகள் முழங்கால் வரைதான் இருந்தன. கீழே இரண்டு பாதங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"அம்மா இருக்காங்களா?" என்றார் வந்தவர். தோளில் தோல்பை, கையில் நீளமான கவர்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவள் கணவர் தலையைத் தூக்கினார். இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த மனுஷன். பொய் சொல்லவும் வராது, வாயை மூடிக்கொண்டிருக்கவும் வராது.

"இல்லைன்னு சொல்லச் சொன்னா" என்றார்.

கோர்ட்டு ஆள் அந்தப் பாதங்களை ஒரு நிமிஷம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். காகிதத்தில் 'வாங்க மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இது இரண்டாவது தடவை.

எல்லாம் அவள் தம்பி கொடுத்த யோசனை. இன்சூரன்ஸ் பிடித்துத் தருவது அவன் தொழில். எதைப் பேச ஆரம்பித்தாலும் "இதுல பாயிண்ட் என்னன்னா" என்றுதான் ஆரம்பிப்பான். அதனால் சொந்தக்காரர்கள் மத்தியில் அவனுக்குப் பெயரே பாயிண்ட்.

"அக்கா, இதுல பாயிண்ட் என்னன்னா, நீ வாங்கினாத்தான் கேஸு. வாங்கலைன்னா கேஸே கிடையாது. ஆளே இல்லாம கோர்ட்டு யார் மேல கேஸ் நடத்தும், காத்து மேலயா?"

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஆனால் பயந்தவளுக்கு அந்த வார்த்தை தேனாக இனித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கடைக்கு நேர் எதிரேதான் கோர்ட்டு. ஒரு தெருதான் குறுக்கே. பதினாறு வருஷமாக அவளுக்கு வக்கீல்களின் அங்கி தைப்பதுதான் பிழைப்பு. ஊரில் பாதி வக்கீல்களின் தோள் அகலம் அவளுக்கு மனப்பாடம். யாருக்கு இடது தோள் இறக்கம், யார் போன வருஷத்தைவிட இரண்டு அங்குலம் பெருத்துவிட்டார், எல்லாம் சொல்லுவாள். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் லிஃப்டில் ஏறி, வக்கீல்களின் அறையில் துணியைக் கொடுத்துவிட்டு வந்ததோடு சரி. நீதிமன்ற அறைக்குள் எட்டிப் பார்த்தது கூட இல்லை. அந்த உயரமான தூண்களைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கடையும் வீடும் ஒன்றுதான். தரைத்தளத்தில் இரண்டு அறை. முன்னறையில் தையல், பின்னறையில் குடித்தனம். இடத்துக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரர் அதை ஒரு பெரிய கம்பெனிக்கு விட ஆசைப்பட்டு அவளைக் காலி செய்யச் சொன்னார், மறுத்ததும் கேஸ் போட்டார். அவள் முடியாது என்று சொன்னதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. பஸ் விபத்தில் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நாற்காலி போக வர வசதியாகக் குளியலறைக் கதவை இடித்து அகலப்படுத்தியது அவர்கள் செலவில்தான். இதே வாடகைக்கு வேறு இடம் தேடினால் எல்லாம் மூன்றாம் மாடி, நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. இங்கே அவர் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் வம்பளப்பார், பொத்தான் தைப்பார், உலகத்தோடு இருப்பார். மாடிக்குப் போனால் அந்த மனுஷன் தெருவைப் பார்ப்பதே நின்றுவிடும். அவளுக்கு வீடு போவதைவிட அதுதான் பெரிய பயம்.

ஒரு மாதம் சத்தமில்லை. பாயிண்ட் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான். பிறகு ஒரு புதன்கிழமை அவள் பால் வாங்கிக்கொண்டு திரும்பினபோது, கதவிலேயே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இந்தத் தடவை யாரும் 'அம்மா இருக்காங்களா' என்று கேட்கவில்லை.

கணவர்தான் படித்தார். எதிர்த்தரப்பு வராததால் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லப்பட்டிருக்கிறது. பதினைந்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் துணையோடு வெளியேற்றப்படுவார்கள். கீழே வீட்டுக்காரர் கோர்ட்டில் சொன்னதும் எழுதியிருந்தது: அந்தப் பெண்மணிக்கு ஓராண்டுக்கு முன்பு இரக்கப்பட்டுத் தற்காலிகமாகத் தங்க இடம் கொடுத்தேன், வாடகைக்கு விடவில்லை.

"ஓராண்டா?" என்றாள். "ஒரு வருஷமா? பதினாறு வருஷம் எங்கங்க போச்சு?"

பாயிண்ட் ஓடி வந்தான். காகிதத்தை வாங்கிப் படித்தான். "இதுல பாயிண்ட் என்னன்னா..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான். பிறந்ததிலிருந்து அவனிடம் பாயிண்ட் இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஐந்து நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, ஆறாம் நாள் ஒரு பெரிய வக்கீலுக்குத் தைத்த அங்கியைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். கொடுக்கிற சாக்கில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. வக்கீல் போனில் இருந்தார். அவருடைய குமாஸ்தாதான் பதில் சொன்னார். கட்டணத்தைக் கேட்டதும் அவளுக்குக் காது அடைத்தது. மூன்று மாதம் ராப்பகலாகத் தைத்தாலும் அந்த வக்கீல் ஒரு நாள் கோர்ட்டில் எழுந்து நிற்பதற்குக் காணாது.

லிஃப்டுக்குள் நின்றபோது லிஃப்ட்காரர் கேட்டார். பல வருஷப் பழக்கம். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

சொன்னாள். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் லிஃப்டை நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களேம்மா! கீழ்த்தளத்துல வலது பக்கம் கடைசி அறை, இலவச சட்ட உதவின்னு போர்டு போட்டிருக்கே, பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். "அது ஒண்ணுமே இல்லாதவங்களுக்குத்தானே? நாங்க உழைச்சுச் சாப்பிடறவங்க."

"அது பிச்சை போடற இடம் இல்லம்மா. என் பொண்ணு தன் பிள்ளையைத் தன்கிட்ட வச்சுக்க கேஸ் போட்டதே அங்கதான். சம்பளம் கம்மியா இருக்கறவங்க, உடம்பு முடியாதவங்க, தனியாப் போராடற பொம்பளைங்க, எல்லாரும் வர்றாங்க. உங்களுக்கு உண்டா இல்லையான்னு அவங்க பார்த்துச் சொல்லுவாங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். போய்க் கேளுங்க." அவளைக் கேட்காமலேயே லிஃப்டைக் கீழே இறக்கினார்.

சின்ன அறை. இரண்டு மேசை, ஒரு நீள பெஞ்சு, சுவரோரம் கோப்புகள். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். வாட்ச்மேன் உடுப்பில் ஒருவர், கைக்குழந்தையோடு ஒருத்தி, மருந்துக்கடைப் பையோடு ஒரு பெரியவர். யார் முகத்திலும் பிச்சைக்காரக் களை இல்லை. மேசையில் இருந்தவர் அவளை உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், ஒரே ஒரு பக்க விண்ணப்பத்தை நிரப்பினார்.

"கட்டணம் எவ்வளவுங்க?"

"உங்களுக்குக் கிடையாதும்மா."

"வக்கீலுக்கு?"

"அவங்களுக்கும் நீங்க தர வேண்டாம்."

"கேஸ் முடிஞ்ச பிறகு?"

அவர் சிரித்துவிட்டார். "அப்பவும் கிடையாது. யாராவது கேட்டா எங்ககிட்ட வந்து சொல்லுங்க."

அவள் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்காவது பொடி எழுத்தில் ஏதாவது இருக்கும் என்று தேடினாள். இல்லை. இப்படி ஒன்று உலகத்தில் உண்டா என்று மலைப்பாக இருந்தது.

ஆனால் அவளுக்காக ஏற்பாடு செய்த வக்கீலம்மா உள்ளே வந்ததும் அந்த மலைப்பெல்லாம் இறங்கிவிட்டது. நாற்பது வயதிருக்கும், சளி பிடித்த குரல், கையில் பாதி பிஸ்கட். அங்கியின் கீழ் மடிப்பு பிரிந்து, அதை ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்தியிருந்தார். ஸ்டேப்ளர் பின்! தையல்காரம்மாவுக்குத் தன் சதையிலேயே அடித்தது போல் இருந்தது. அங்கி எப்படியோ ஆளும் அப்படி என்பது அவளுடைய பதினாறு வருஷத்துக் கணக்கு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வக்கீலம்மா அந்தத் தீர்ப்பை மூன்று தடவை படித்தார். வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"பதினஞ்சு நாள்ல ஆறு நாள் போயிடுச்சு. இந்தத் தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி நாளைக்கே மனு போடறோம். சம்மனை ஏன் வாங்கலை?"

"நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடச் சொன்னான் என் தம்பி..."

"உங்க தம்பி வக்கீலா?"

"இன்சூரன்ஸுங்க."

"அப்ப அவர் இன்சூரன்ஸைப் பார்க்கட்டும். கோர்ட்டுல நீங்க உண்மையை மட்டும்தான் சொல்லணும். சரி, பதினாறு வருஷம் இருக்கீங்கன்னு எதை வச்சுக் காட்டறது? வாடகை ரசீது?"

"குடுத்ததே இல்லைங்க. கரண்ட் பில்லும் அவர் பேர்லதான் வருது."

"அவர் கைப்பட எழுதினது ஏதாவது? ஒரு துண்டுச் சீட்டு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். "அளவு நோட்டு இருக்குங்க."

அது அவள் தொழிலில் பட்டுத் தெரிந்துகொண்ட பழக்கம். துணியைப் போட்டுப் பார்க்கும்போது கையைக் குறை, இடுப்பைப் பிடி என்பார்கள். செய்து முடித்ததும் 'நான் எப்பச் சொன்னேன்' என்று சண்டைக்கு வருவார்கள். இந்த வம்பே வேண்டாம் என்று, வந்தவர் எந்தத் திருத்தம் சொன்னாலும் அளவு நோட்டில் அவர் கையாலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லிவிடுவாள். பக்கத்தில் அந்தத் துணியில் ஒரு துண்டையும் குத்தி வைப்பாள். ராஜாவே வந்தாலும் இதில் விலக்கு கிடையாது.

"வீட்டுக்காரர் உங்ககிட்ட எப்பவாவது துணி தைச்சிருக்காரா?" வக்கீலம்மாவின் குரலில் சளி போன இடம் தெரியவில்லை.

"அவர் பொண்ணு கல்யாணத்துக்குக் கோட்டு தைச்சுக் கொடுத்தேன். எந்த வருஷம்னு ஞாபகம் இல்லைங்க."

அன்று சாயங்காலம் வக்கீலம்மா தெருவைத் தாண்டிக் கடைக்கே வந்துவிட்டார். பாயிண்ட் பரண் மேல் ஏறி மூட்டை மூட்டையாக நோட்டுகளை இறக்கினான், ஒவ்வொரு மூட்டைக்கும் மூன்று தும்மல் போட்டான். செய்த பாவத்தைக் கழிக்கிற வேகம் அவனுக்கு. வக்கீலம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இவர் யார், நமக்கு என்ன உறவு, எதற்காக நம் வீட்டுத் தூசியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தையல்காரம்மாவுக்கு வியப்பு அடங்கவில்லை.

முப்பத்தோராவது நோட்டில் அகப்பட்டது. சாம்பல் நிறத் துணித்துண்டு, பக்கத்தில் வீட்டுக்காரரின் சாய்வான எழுத்து. வக்கீலம்மா படித்தார், இன்னொரு தடவை படித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்?" என்றாள் தையல்காரம்மா, அவர் கிளம்பும்போது. "இத்தனை தர்மம் யாருங்க செய்வாங்க?"

வக்கீலம்மாவின் முகம் மாறியது. "இது தர்மம் இல்லம்மா. உங்க உரிமை. வாங்கிக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க."

விசாரணை நாளில் கோர்ட்டு அறைக்குள் காலை வைத்ததுமே அவள் அண்ணாந்து பார்த்தாள். எவ்வளவு உயரம்! மேலே சுழல்கிற விசிறிகூடச் சத்தம் போடப் பயந்தது போல் சுற்றியது. வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்து நின்றார். அவர் போட்டிருந்த அங்கியைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சம் தைரியமும் போய்விட்டது. அவள் தைத்ததுதான். உயர்ந்த துணி, தோளில் சுருக்கமே கிடையாது, அளவெடுத்த மாதிரி அழகாகத் தழைந்து நின்றது. இந்தப் பக்கம் ஸ்டேப்ளர் பின். தோற்றோம் என்றே முடிவு கட்டினாள்.

"இரண்டு முறை சம்மன் போனது. தெரிந்தே வாங்க மறுத்தார்கள். இப்போது வந்து நீதி கேட்பதற்கு இவர்களுக்கு என்ன தகுதி?" என்று அவர் கணீரென்று பேசினார். தையல்காரம்மாவுக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

வக்கீலம்மா இரண்டு தடவை இருமினார். அளவு நோட்டை நீதிபதியிடம் கொடுத்தார். "ஓராண்டுக்கு முன்னால்தான் இடம் கொடுத்ததாக வீட்டுக்காரர் சத்தியம் செய்திருக்கிறார். அவர் பதினோரு வருடங்களுக்கு முன் எழுதியதைத் தாங்கள் படிக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நீதிபதி வாய்விட்டே படித்தார். "'கோட்டுக் கை ஒரு அங்குலம் குறைக்கவும். நீங்கள் கேட்டபடி முன்னறை சன்னலை அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன். வாடகையோடு சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்.' கீழே கையெழுத்து, தேதி." நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தார். "இது உங்க எழுத்தா?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க."

"சன்னலை மாத்தினீங்களா?"

வீட்டுக்காரர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

நீதிபதி இப்போது தையல்காரம்மா பக்கம் திரும்பினார். "நீங்க வாங்க. சம்மனை ஏன் வாங்கலை? அதுக்கு ஒரு காரணம் சொல்லணுமே."

அவள் எழுந்து நின்றாள். பின் வரிசையில் பாயிண்ட் கையை ஆட்டி 'ஊர்ல இல்லை, ஊர்ல இல்லை' என்று ஜாடை காட்டினான். ஒரு சொல் பொய் சொன்னால் போதும், காரணம் ரெடி. வாசலில் உட்கார்ந்திருக்கும் கணவரின் முகம் கண்முன் வந்தது. வக்கீலம்மா அவளைப் பார்க்கவே இல்லை, நம்பி விட்டுவிட்டவர் போலக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"வீட்டுலதாங்க இருந்தேன்" என்றாள். "தச்சு மாட்டியிருந்த அங்கிங்களுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். வாங்கினாத்தான் கேஸுன்னு நினைச்சேன். பயந்துட்டேங்க."

"எதுக்குப் பயம்?"

"இந்த இடத்தைப் பார்த்துத்தாங்க. உள்ள வந்தா எங்க பேச்சை யார் கேட்பாங்கன்னு."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி மேசை மேல் வைத்தார். இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, "நான் கேட்கறேன், சொல்லுங்க" என்றார்.

சொன்னாள். குளியலறைக் கதவை அகலப்படுத்தியது, மாடிப்படி, நாற்காலி, எல்லாவற்றையும் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. யாரும் குறுக்கே பேசவில்லை. உயர்ந்த அங்கிக்காரரும் உட்கார்ந்துதான் கேட்டார், வீட்டுக்காரரும் கேட்டார். தான் பேசுவதற்காக இத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்பது அவளுக்கு நம்ப முடியாத அதிசயமாக இருந்தது.

"சம்மனை வாங்காதது தப்பு" என்றார் நீதிபதி. "அந்தத் தப்பால உங்க வீடு போகப் பார்த்தது. இனிமே செய்யாதீங்க. பயப்படறவங்களுக்காகத்தான் கீழ்த்தளத்துல அந்த அறையே திறந்து வச்சிருக்கு." பிறகு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து, பொய்ச் சத்தியம் செய்ததற்கு வீட்டுக்காரர் மேல் என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்று நிதானமாகக் கேட்டார்.

வீட்டுக்காரரும் அவர் வக்கீலும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கையே திரும்பப் பெறுவதாக வக்கீல் எழுந்து சொன்னார். ஒருதலைத் தீர்ப்பு ரத்தானது. அவள் சட்டப்படி வாடகைதாரர்தான் என்பது பதிவானது. இனிமேல் வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பொய்ச் சத்தியத்துக்கு வீட்டுக்காரர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றும் சேர்ந்து வந்தது.

தெருவைத் தாண்டி அவள் வருவதைக் கணவர் வாசலிலிருந்தே பார்த்துவிட்டார். நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு தெரு விளிம்பு வரைக்கும் வந்தார். பாயிண்ட் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"என்னாச்சும்மா? இடம் நமக்குத்தானா?"

"நமக்குத்தாங்க" என்றாள். ஆனால் அவள் முகத்தில் இருந்தது அந்தச் சந்தோஷம் மட்டும் இல்லை. "என்னங்க, அந்த நீதிபதி பேனாவை மூடி வச்சுட்டுக் கேட்டாருங்க. நான் பேசினதை. நானு!"

சொல்லிவிட்டு அவருக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தாள். எதிரே கோர்ட்டின் அந்தத் தூண்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு சொல்லிச் சொல்லியே நம்மளை வளர்த்துட்டாங்க. அது பொய்யிங்க. ஏறும். கொண்டுபோய்ச் சேர்க்கறதுக்கு ஆளைக்கூடச் சும்மாவே குடுக்கறாங்க. ஆனா நாம எழுந்து போய்க் கேட்கணும். கேட்காம ஒளிஞ்சுக்கிட்டா, பொய் சொன்னவன் சொல்லு மட்டும்தாங்க அங்க ஏறும்."